விடாத இருமலுக்கு வீட்டுக் கஷாயம்: டெல்லிக் குளிருக்கு ஒரு செய்முறை

தீபாவளி முடிந்த மறுவாரம் மயூர் விஹாரில் எங்கள் மாடிப்படி ஏறினால், எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். புகை, குளிர், கூடவே சளி. ஊரிலிருந்து போனில் ஆளுக்கொரு கைவைத்தியம் வரும். அதைக் கேட்டு அடுப்பைப் பற்றவைக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

முதலில் நாளை எண்ணுங்கள். இருமல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். சளியோடு வந்த இருமல் பெரும்பாலும் 3 வாரத்துக்குள் அடங்கிவிடும். 8 வாரம் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். அதுவரை கஷாயம் குடித்துக் காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. 2 வாரமாகியும் விடவில்லையென்றால் காசநோய்ச் சோதனை செய்துவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் நாள் எண்ண வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

அடுத்து, எப்போது வருகிறது என்று பாருங்கள். படுத்ததும் வந்தால் மூக்குச் சளி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கலாம், வயிற்று அமிலம் மேலே ஏறலாம். விடியற்காலையில் நெஞ்சில் விசில் சத்தத்தோடு வந்தால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். சளியே இல்லாமல் தொண்டை அரித்துக்கொண்டு வறட்டு இருமலா? மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

இதில் நான் பட்டது. என் மாமியார் மூன்று மாதம் வறட்டு இருமலில் தவித்தார். நானும் அதிமதுரம் போட்டுத் தினமும் கஷாயம் கொடுத்தேன். கடைசியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “பிரஷருக்கு என்ன மாத்திரை?” ராமிப்ரில். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு இப்படி இருமலைக் கொண்டுவரும். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார், சில வாரத்தில் இருமல் நின்றது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு கூத்து, அதிமதுரமே பிரஷரை ஏற்றுமாம்! அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது கடை. பழைய டெல்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லி வரை போக வேண்டாம், பக்கத்துப் பன்சாரி கடையிலேயே (நம்மூர் நாட்டு மருந்துக் கடை மாதிரி) கிடைக்கும். இந்திப் பெயர்தான் சிக்கல். அதிமதுரம் என்றால் கடைக்காரர் விழிப்பார், முலேத்தி என்று கேளுங்கள். சுக்குக்கு சோன்ட். திப்பிலிக்கு பீப்லி. முலேத்திக் குச்சியை ஒடித்துப் பாருங்கள்: உள்ளே மஞ்சளாக இருக்க வேண்டும், மென்றால் இனிப்பு தங்க வேண்டும். பூசணம் வாசம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒருவருக்கு, ஒரு நாளைக்கு: அரை விரல் நீள அதிமதுரம், சுண்டைக்காய் அளவு சுக்கு, 5 மிளகு, 1 திப்பிலி. அம்மியோ இடிகல்லோ, ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். மிக்ஸியில் பொடித்தால் அடியில் சேறு மாதிரி தங்கும், தொண்டையில் ஒட்டி இன்னும் இருமுவீர்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் ஒரு டம்ளராக வற்றவிடுங்கள். பத்துத் துளசி இலையை அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடுங்கள். கொதிக்கவிட்டால் வாசனை பறந்துவிடும். வடிகட்டி, குடிக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு ஸ்பூன் தேன். காலையில் பாதி, இரவில் பாதி. ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

பிரஷர், இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தொடக்கூடாது. வேறு மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் நக்கக்கூடக் கொடுக்கக்கூடாது.

ஆடாதோடை இலையும் நல்லதுதான். இருமல் மருந்துகளில் வரும் ப்ரோம்ஹெக்சின், அந்த இலையின் வாசிசின் என்ற சத்தை வைத்து உருவானது. ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கசப்போ, சொல்ல வேண்டாம். எங்கள் பால்கனியில் கற்பூரவல்லி மட்டும்தான். ஜனவரிக் குளிரில் கருகிவிடும் என்பதால் ராத்திரி தொட்டியை உள்ளே தூக்கி வைக்கிறேன்.

மாமியாருக்கு இப்போது சுக்கு, மிளகு, துளசி மட்டும். “இது கஷாயமா, ரசத்துக்குக் கரைச்ச தண்ணியாம்மா?” என்று கேட்டுக்கொண்டேதான் டம்ளரை நீட்டுகிறார்.