பல் பிரிட்ஜ்: டாக்டர் பல்லைத் தேய்த்துச் சிறிதாக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

"செராமிக் நல்லதா, மெட்டல் நல்லதாங்க?" கோத்தகிரியில் நான் உதவியாளராக இருக்கும் பல் கிளினிக்கில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. எந்தப் பல் என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது.

விழுந்த பல்லுக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்கி, மூன்றுக்கும் சேர்த்து ஒரே துண்டாக மாட்டுவதுதான் பிரிட்ஜ். தேய்த்த பல் திரும்ப வளராது. அந்த இரண்டும் சொத்தை இல்லாமல் திடமாக இருந்தால், இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து வைக்கும் பல்) பற்றியும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

முன்பல்லுக்கு என் ஓட்டு முழு செராமிக்கிற்குத்தான். மெட்டல் செராமிக்கில் உள்ளே உலோகம், மேலே பீங்கான். விலை குறைவு, பலமும் உண்டு. ஆனால் வெளிச்சம் உள்ளே புகாததால் பல் உயிரில்லாத வெள்ளையாகத் தெரியும். நாளடைவில் ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு எட்டிப் பார்க்கும். சிரிக்கும்போது மேல் ஈறு தெரிகிறவர்களுக்கு அது தலைவலி.

கடைவாயில் கதை வேறு. முழு உலோகத்துக்குக் கடிக்கும் பரப்பில் சுமார் 1 மி.மீ. தேய்த்தால் போதும், மெட்டல் செராமிக்குக்கு 2 மி.மீ. வரை போகும். குட்டைப் பல்லுக்கு இந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். வெள்ளையாகத்தான் வேண்டும் என்றால் சிர்கோனியா என்ற பலமான செராமிக். வெறுமனே 'செராமிக்' என்று சொன்னால் எந்த செராமிக் என்று கேளுங்கள். லித்தியம் டைசிலிகேட் என்ற இன்னொரு செராமிக் அழகுதான், கடைவாய் பிரிட்ஜுக்கு அது தாங்காது. தூக்கத்தில் நறநறவென்று பல் கடிப்பவர்களுக்கு மேல்பூச்சுப் பீங்கான் தெறித்துவிடலாம். பூச்சில்லாத முழு சிர்கோனியாவோ உலோகமோதான் சரி.

கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறதா? டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மலிவான உலோகக் கலவைகள் பலவற்றில் நிக்கல் உண்டு.

அப்புறம் நிறம். நம் ஊரில் பலருக்கு டீக்கறை இருக்கும். கறையோடு நிறம் பார்த்து பிரிட்ஜ் செய்துவிட்டு, பிறகு பல்லைச் சுத்தம் செய்தால் பிரிட்ஜ் மட்டும் மஞ்சளாக நிற்கும். ஆகவே முதலில் க்ளீனிங். டாக்டர் பல்லைத் தேய்ப்பதற்கு முன்பே நிறத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாயைத் திறந்தபடியே இருந்தால் காய்ந்த பல் வெளுத்துத் தெரியும். ட்யூப்லைட்டில் வேண்டாம், ஜன்னலோரம் போய்க் கண்ணாடியில் நீங்களே பாருங்கள். மஞ்சு மூடிய நாளென்றால் நான் இன்னொரு நாள் வரச் சொல்வேன். லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

பல்லின் அளவு கோயம்புத்தூர் லேபுக்குப் போய், பிரிட்ஜ் வர ஒரு வாரம் ஆகும். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் இன்னும் தள்ளும். அதுவரை தற்காலிக கேப்தான்; மொறுமொறு வர்க்கியை டீயில் நனைத்தே சாப்பிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ட்ரையல் வைத்து, கடி சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கலர்த்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். மரத்துப்போன வாயோடு "சரியா இருக்கு" என்று தலையாட்டாதீர்கள். ஒட்டிய பிறகு நடுப்பல்லுக்கு அடியில் தங்கும் சோற்றை பிரஷ் எடுக்காது, பற்கள் இணைந்திருப்பதால் மேலிருந்து நூலும் இறங்காது. பக்கவாட்டில் நுழைக்கும், முனை விறைப்பான பல் நூலான சூப்பர் ஃப்ளாஸ் வேண்டும். அதை எப்படி நுழைப்பது என்று நாற்காலியை விட்டு எழும் முன் உங்கள் கையாலேயே செய்து காட்டிவிட்டு வாருங்கள்.