எடைக்குப் போடும் முன் உள்ளே பாருங்கள்

மார்கழி கடைசியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மூட்டை சேரும். பரணில் இருந்து இறங்கிய டிரங்குப் பெட்டி, கால் ஆடும் நாற்காலி, அதன் மேல் தூசி படிந்த மானிட்டர், அதற்கும் மேல் ஒரு கூடை ஒயர். முக்கால்வாசிப் பேர் போகிக்கு முதல் நாள் ராத்திரிதான் இந்த வேலையில் உட்காருகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் தவறே அதுதான். விடிவதற்குள் ஒழித்தாக வேண்டும் என்றால் எதையும் திறந்து பார்க்கத் தோன்றாது, அப்படியே தூக்கி வாசலில் வைத்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் போனது. பல வருஷமாக ஆன் ஆகவில்லை, இனி எதற்கு என்று எடைக்குப் போட்டோம். தங்கையின் கல்யாண போட்டோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கடைக்கு ஓடினால் அது அதற்குள் கை மாறிவிட்டது. போட்டோ போனது ஒரு வருத்தம் என்றால், அப்பாவின் பான் கார்டு ஸ்கேனும் வங்கிக் கணக்கு விவரமும் யார் கையில் இருக்கிறதோ என்ற பயம் இன்னொன்று. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் பவர் சப்ளையோ மதர்போர்டோ போயிருக்கலாம், ஃபைல்கள் எல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருக்கக்கூடும். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் நாலு திருகு, இரண்டு ஒயர், அவ்வளவுதான், கழற்றிவிடலாம். அதை யூஎஸ்பி வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கும் கேஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

நல்ல நிலையில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கொடுப்பவர்கள் செய்யும் தவறு வேறு. எல்லா ஃபைலையும் டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரி, ஆள் உள்ளேதான் இருப்பார். அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும் வரை பழைய ஃபைலை மீட்டெடுக்க பல நேரம் இலவச மென்பொருளே போதும். க்விக் ஃபார்மேட்டும் இதே கதைதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ரீசெட் திஸ் பிசி’ போய், ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து, அடுத்து வரும் செட்டிங்ஸில் ‘கிளீன் டேட்டா’ என்பதையும் ஆன் செய்யுங்கள். அதைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க் என்றால் மேலெழுதும் மென்பொருளை முழுசாக நம்ப முடியாது, தயாரித்த நிறுவனமே தரும் அழிக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். கோபத்தில் சுத்தியலால் அடிக்க வேண்டாம், லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பலவற்றின் உள்தட்டு கண்ணாடி, சில்லு கண்ணில் தெறிக்கும்.

போனுக்கு வரிசை முக்கியம். முதலில் கூகுள் கணக்கில் இருந்து வெளியேறுங்கள், ஐபோன் என்றால் ‘ஃபைண்ட் மை’யை அணையுங்கள், அதற்கு அப்புறம்தான் ரீசெட். மாற்றிச் செய்தால் வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் அதைத் திறக்க முடியாமல் போகலாம். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்தீர்களா என்று கையால் தடவிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலே நான் பயப்படுவது பேட்டரிக்கு. உப்பிய லேப்டாப் பேட்டரியை, பழைய போனை, பவர் பேங்கை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரியில் அழுத்தப்பட்டு நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், அப்போது பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர். இன்வெர்ட்டர், யூபிஎஸ் பேட்டரி பிரச்சினையே இல்லை, புதுசு வாங்கும் கடையிலேயே பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துவிடுவார்கள்.

காயலாங்கடைக்காரர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் மறுசுழற்சிக்குப் போவதே அவர்களால்தான். ஆனால் எலக்ட்ரானிக் சாமானை அங்கே போட்டால், தாமிரத்துக்காக ஒயரை எரிப்பதும் பழைய டப்பா டிவி, மானிட்டரின் குழாயை உடைப்பதும் எங்கோ ஒரு கொல்லையில் நடக்கும். அந்தக் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. ஒயரின் பிவிசி உறை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் போய்ச்சேர வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம். போகிக்கு முன்னால் டயர், பழைய துணி போன்றவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ளவும் மாநகராட்சி ஏற்பாடு செய்கிறது, அதற்குக் கொடுத்துவிடுங்கள். 2018 போகியன்று புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டன. ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று என்ன பாடு பட்டிருப்பார்கள்.

சரி, வீட்டுச் சாமானுக்கு வருவோம். பேப்பரோடு ஆதார் ஜெராக்ஸும் வங்கி ஸ்டேட்மெண்டும் போய், பஜ்ஜி கட்டிக்கொடுத்த தாளில் யாரோ ஒருவரின் கையெழுத்தையும் போன் நம்பரையும் நானே பார்த்திருக்கிறேன். கிழித்துப் போடுங்கள். பழைய புத்தகத்தை உதறிப் பாருங்கள், பட்டா நகலோ ரசீதோ உள்ளே மடித்து வைத்திருப்பார்கள். பாத்திர மூட்டையை அவசரப்பட்டு மொத்தமாக நிறுக்க விடாதீர்கள். பித்தளை, தாமிரம், வெண்கலம் தனித்தனி விலை. பாட்டியின் ஈயச்சொம்பு அலுமினியம் மாதிரி மங்கலாகத் தெரியும், ஆனால் அது வெள்ளீயம், அலுமினியத்தைவிடப் பல மடங்கு விலை. ரசம் வைக்க ஆள் இருந்தால் கொடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். கிழிந்த துணி, ஒற்றைச் செருப்பு, ஓடாத மிக்ஸி, இதையெல்லாம் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் தானம் என்று கொடுப்பது தவறு. நம் குப்பையை ஒழிக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டுகிறோம், அவர்களால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் கொடுக்க ஆசையா? நல்ல காரியம். வேகம் குறைந்த மெஷின் என்றால் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏறாத மெஷினில் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றலாம், இலவசம்தான். தமிழில் தட்டச்சு வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று ஒரு நாள் நீங்களே ஓட்டிப் பாருங்கள். கொடுக்கும்போது அதன் சார்ஜரையும் மறக்காமல் பையில் வையுங்கள்.