அமெரிக்க அரசியல் செய்தியைத் தமிழில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

இம்பீச்மென்ட் என்பதைப் ‘பதவி நீக்கம்’ என்று எழுதுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. அந்தச் சொல்லை நம்பினால் டிரம்ப் இரண்டு முறை பதவி இழந்திருக்க வேண்டும். உண்மையில் அது குற்றச்சாட்டு மட்டுமே. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால்தான் பதவி போகும். 1868-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். 1998-இல் குற்றம் சாட்டப்பட்ட கிளிண்டனும், 2019, 2021 இரண்டிலும் டிரம்ப்பும் செனட்டில் விடுவிக்கப்பட்டார்கள். 2021-இல் 57 பேர் ‘குற்றவாளி’ என்றார்கள், தேவைப்பட்டது 67. நிக்சனை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்களும் உண்டு. சபை வாக்கெடுப்பு நடக்கும் முன்பே, 1974 ஆகஸ்டில், அவர் ராஜினாமா செய்துவிட்டார். ‘பதவி நீக்கக் குற்றச்சாட்டு’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

பதவிப் பெயர்களிலும் இதே வில்லங்கம். ஆளுநர் என்றதும் நமக்கு ராஜ்பவன் நினைவுக்கு வரும். அமெரிக்க ஆளுநரோ மக்கள் வாக்கில் வென்று மாநிலத்தை ஆள்பவர். நம் முதலமைச்சருக்குத்தான் நெருக்கம். சபாநாயகரும் கட்சி சார்பற்ற நடுவர் அல்ல. பெரும்பான்மைக் கட்சியின் தளபதி அவர். எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரும் என்பதில் அவர் கைதான் ஓங்கியிருக்கும். ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ இன்னும் மோசமான பொறி. வாஷிங்டனில் அந்தப் பெயர் வெளியுறவு அமைச்சரைக் குறிக்கும். மாநிலத் தலைநகரில் அதே பெயர், பெரும்பாலும் தேர்தலை மேற்பார்வையிடும் அதிகாரியைக் குறிக்கும். 2021 ஜனவரியில் ‘11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும்’ என்று டிரம்ப் தொலைபேசியில் கேட்டது ஜார்ஜியா மாநிலச் செயலரிடம். அங்கே ‘வெளியுறவு அமைச்சர்’ என்று போட்டால் செய்தியே கெட்டது.

‘அமெரிக்கத் தேர்தல் ஆணையம் முடிவை அறிவித்தது’ என்றும் எழுதக்கூடாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது பிரசாரப் பணக் கணக்கை. ஆறு ஆணையர்கள், ஒரு கட்சியிலிருந்து மூவருக்கு மேல் கூடாது, நடவடிக்கைக்கு நான்கு வாக்கு வேண்டும் என்பதால் அடிக்கடி முட்டுக்கட்டையில் நிற்கும். தேர்தலை நடத்துவது மாநிலங்களும் கவுன்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை). வாக்காளர் பதிவு, அடையாள அட்டை, அஞ்சல் வாக்கு எல்லாவற்றுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது.

எண்ணிக்கையில் சந்தேகம் கிளம்புவதும் இந்த வேறுபாட்டால்தான். பென்சில்வேனியாவில் அஞ்சல் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கச் சட்டம் விடாது. ஃபுளோரிடா முன்கூட்டியே பிரித்துச் சரிபார்த்து வைத்துக்கொள்ளும். அதனால் ஃபுளோரிடா இரவே தெரிந்துவிடும். பென்சில்வேனியாவில் நாள்கள் ஆகலாம். 2020-இல் அஞ்சல் வாக்கு ஜனநாயகக் கட்சியினரிடம் அதிகம். எனவே முதல் நாள் இரவு குடியரசுக் கட்சி முன்னிலை போலத் தெரிந்தது பிறகு கரைந்தது. ‘திடீரென முளைத்த வாக்குகள்’ என்று தலைப்புப் போடுமுன் எந்த வகை வாக்கு எண்ணப்பட்டது என்று பாருங்கள்.

இரவில் திரையில் வரும் ‘வெற்றி’ ஊடகங்களின் கணிப்பு. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் தொலைக்காட்சிகளின் முடிவுக் குழுக்களும் சொல்வது. 2000-இல் ஃபுளோரிடாவைத் தொலைக்காட்சிகள் முதலில் அல் கோருக்குக் கொடுத்தன, திரும்பப் பெற்றன, பிறகு புஷ்ஷுக்குக் கொடுத்து அதையும் திரும்பப் பெற்றன. கடைசியில் வித்தியாசம் 537 வாக்கு. சட்டப்படியான வரிசை வேறு: மாநிலச் சான்றளிப்பு, டிசம்பரில் தேர்வாளர்கள் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகள்) வாக்களிப்பு, ஜனவரி 6-இல் காங்கிரஸில் எண்ணிக்கை, 20-இல் பதவியேற்பு. தேர்வாளர்கள் 538, வெற்றிக்கு 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே அந்த மாநிலத் தேர்வாளர்கள் மொத்தமும் போவார்கள். 2016-இல் ஹிலாரி சுமார் 29 லட்சம் வாக்கு அதிகம் பெற்றும் தோற்றது இதனால்தான்.

ஃபாக்ஸ் நியூஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் இரவு நேரக் கருத்து நிகழ்ச்சிகளையும் முடிவுக் குழுவையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. 2020-இல் அரிசோனாவை பைடனுக்கு என்று முதலில் அறிவித்தது ஃபாக்ஸ்தான். இருதரப்பையும் சமமாகக் காட்டச் சட்டம் இருப்பதாக நினைப்பதும் பழைய கதை. அந்த விதி 1987-இல் போய்விட்டது. கேபிள் சேனல்களை அது கட்டுப்படுத்தியதும் இல்லை.

பணத்துக்கு வருவோம். ‘நிறுவனம் வேட்பாளருக்குக் கோடிகளைக் கொடுத்தது’ என்ற வாக்கியம் அநேகமாகத் தப்பு. கூட்டாட்சி வேட்பாளருக்கு நிறுவனம் நேரடியாகக் கொடுப்பது 1907 முதல் தடை. தனிநபருக்கு 2025–26 வரம்பு, தேர்தல் ஒன்றுக்கு 3,500 டாலர். பிரைமரியும் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு. நிறுவனங்கள் தேர்தலில் தனியாகச் செலவிட வழிவிட்ட 2010-இன் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பின் உருவான சூப்பர் பிஏசி என்னும் அரசியல் செலவுக் குழுக்களுக்கு நன்கொடை வரம்பு இல்லை. ஆனால் அவை வேட்பாளரிடம் பணத்தைக் கொடுக்க முடியாது, தனியாகவே செலவிட வேண்டும். விளம்பரம் யாருடையது என்பதை ‘இந்தச் செய்திக்கு நான் ஒப்புதல் அளிக்கிறேன்’ என்ற வாசகம் காட்டிக்கொடுக்கும். வேட்பாளர் குரலில் அது வந்தால் விளம்பரம் அவருடையது. இது வெறும் சடங்கு இல்லை. வேட்பாளரின் விளம்பரத்தில் பொய் இருந்தாலும் ஒளிபரப்பு நிலையம் கைவைக்க முடியாது. சூப்பர் பிஏசி விளம்பரத்தை மறுக்கலாம். பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாள்களில் மிகக் குறைந்த கட்டணமும் வேட்பாளருக்கு மட்டுமே.

லாபி (ஒரு தரப்புக்காக அரசிடம் வாதாடுவது) என்றாலே லஞ்சம் என்று மொழிபெயர்ப்பவர்கள், அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதலாம் திருத்தமே தருவதை மறந்துவிடுகிறார்கள். லாபி செய்பவர்களின் வாடிக்கையாளர் பெயர், செலவு எல்லாம் காலாண்டுக்கு ஒருமுறை பதிவாகிப் பொதுவில் கிடைக்கும். செல்வாக்கைப் பணத்தால் மட்டும் அளப்பதும் பிழை. முதியோர் அமைப்பான ஏஏஆர்பி எந்த வேட்பாளருக்கும் நன்கொடை தருவதில்லை, ஆதரவும் அறிவிப்பதில்லை. ஆனாலும் ஓய்வூதியத்தில் கைவைக்க எந்தக் கட்சியும் தயங்கும். அதன் பலம் வாக்களிக்கத் தவறாத உறுப்பினர்கள்.

கருத்துக்கணிப்பில் 48-க்கு 46 என்று வந்து, பிழை எல்லை 3 புள்ளி என்றால் அதை முன்னிலை என்று எழுதாதீர்கள். அந்த 3 ஒவ்வொரு எண்ணுக்கும் உரியது. இடைவெளிக்கான பிழை ஏறக்குறைய இரட்டிப்பு.

அங்கே வசிக்கும் தமிழர்களுக்காக எழுதுகிறீர்கள் என்றால் இதையும் சேருங்கள். எச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக்கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் தரலாம், கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கக்கூடாது. ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது வாக்காளர் பதிவுப் படிவத்தில் குடிமகன் என்ற கட்டத்தைத் தெரியாமல் டிக் செய்தால்கூடக் குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகும், நாடு கடத்தல் வரை போகலாம்.