சாயத் தண்ணீர் தெளிந்துவிட்டால் போதுமா?

தாமிரபரணிப் பாசனத்தில் எந்த வாய்க்காலில் சாயத் தண்ணீரை விட்டாலும் அது யாரோ ஒருவருடைய வயலுக்கோ குளத்துக்கோதான் போய்ச் சேரும். அதனாலேயே, காந்த ஒளியூக்கியை வைத்துச் சாயக் கழிவைச் சுத்தப்படுத்த முயலும் நம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடைப் பூசிய பொடி அது. வெளிச்சம் பட்டால் சாயத்தைச் சிதைக்கும். வேலை முடிந்ததும் காந்தத்தால் இழுத்து எடுத்து மறுபடி போடலாம்.

இதில் பெரிய தவறு, நிறம் போனதுமே வேலை முடிந்தது என்று நினைப்பது. சாயம் சிதையாமல் பொடியில் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் தெளியத்தான் செய்யும். அதனால் முதலில் இருட்டில் அரைமணி நேரமாவது கலக்கி, நிறம் இறங்குவது நின்ற பிறகு வெளிச்சத்தைக் காட்டுங்கள். அப்புறம் குறைவதைத்தான் ஒளியின் கணக்கில் சேர்க்கலாம். அதுவும் முழுக்கணக்கு ஆகாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பால் நிறம் பெறும் அசோ சாயத்தில் அந்தப் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். மிஞ்சும் அரோமாட்டிக் அமீன்கள் என்ற துண்டுச் சேர்மங்களில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. தண்ணீரில் மிஞ்சிய கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் சிஓடி அளவைக் கட்டாயம் பாருங்கள். ஆற்றில் விடும் கழிவில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

நம்மூர் வெயில் இருக்க விளக்கு எதற்கு என்பார்கள். வெயிலில் புற ஊதா ஏறக்குறைய 5 சதவீதம்தான். வெறும் டைட்டானியாவுக்கு, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடுக்கு, அதுதான் தீனி. நேரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பொடியை அள்ளிப் போட்டால் கலங்கலே வெளிச்சத்தை மறைத்துவிடும்.

காந்தக் கலக்கியில் வைப்பதும் வழக்கமாக நடக்கும் தவறு. பொடி முழுக்கச் சுழலும் காந்தத்திலேயே அப்பிக்கொள்ளும். மேலிருந்து சுற்றும் கலக்கியோ காற்றுக் குமிழியோ போதும்.

இரும்பு ஆக்சைடின்மேல் நேராக டைட்டானியாவைப் பூசாதீர்கள். நடுவில் சிலிக்கா உறை இல்லாவிட்டால் ஊக்கியின் வேகம் குறையும், இரும்பும் தண்ணீரில் கரைந்து வரும். ஐந்து முறை பயன்படுத்தினோம் என்று எழுதுவதற்கு முன், ஒவ்வொரு முறையும் பொடியைக் கழுவி, உலர்த்தி, எடை போடுங்கள். தண்ணீரில் இரும்பு எவ்வளவு என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்துப் பார்த்த முடிவு சாயப்பட்டறைக்குப் பொருந்தாது. அங்கே உப்பும் சோடாவும் நிறைய இருக்கும். வெளிச்சம் பட்ட பொடி உண்டாக்கும் ஹைட்ராக்சில் துகள்கள்தான் சாயத்தை உடைக்க வேண்டும்; அவற்றைச் சோடாவில் உள்ள கார்பனேட் இடையிலேயே பிடித்துக்கொள்ளும். பட்டறைத் தொட்டியிலிருந்து ஒரு கேன் தண்ணீர் வாங்கி வந்து அதிலேயே செய்து பாருங்கள். உப்பை இந்தப் பொடி எடுக்காது என்பதையும் பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.