சொல்லாமல் நழுவாதீர்கள்: பிள்ளையைக் காப்பகத்தில் விடும் முறை

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்டுக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாகச் சேர்க்க வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: பிள்ளை பொம்மையில் லயித்திருக்கும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். "அழுவானே அக்கா" என்பார்கள். அழட்டும். சொல்லிவிட்டுப் போனால் அன்றைய அழுகையோடு சரி. நழுவிப் போனால், அப்புறம் வீட்டில் பாத்ரூமுக்குப் போகக்கூட உங்களை விடாது.

முதல் வாரம் நீங்களும் கொஞ்ச நேரம் கூடவே உட்காருங்கள். பிறகு பத்து நிமிஷம் வெளியே போய்த் திரும்புங்கள். அடுத்து அரை மணி, அப்புறம் மதியச் சாப்பாடு வரை. இரண்டு வயதுக்கு மணிக்கணக்கு புரியாது. "தூங்கி எழுந்து பால் குடிச்சதும் அம்மா வந்துருவேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வாருங்கள். ஓவர்டைம் போட்டுவிட்டால் எங்களுக்கு ஒரு போன். துவைக்காத பழைய சேலை ஒன்றையும் கொடுத்துவிடுங்கள், தூளியில் விரிப்போம்.

எனக்கு முக்கியம், சாயங்காலம் நீங்கள் திரும்பி வரும் நேரம்தான். மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் முதலில் உகாண்டா கிராமங்களிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்-சேய் உறவைக் கவனித்தவர். அம்மா போகும்போது பிள்ளை அழுகிறதா என்பதைவிட, அவள் திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதையே அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். சில குழந்தைகள் ஓடிவந்து தோளில் சாய்ந்து, சமாதானமாகி விளையாடப் போய்விடும். சில கட்டிக்கொண்டே அடிக்கும். சில திரும்பியே பார்க்காது. இந்தக் கடைசிப் பிள்ளையைத்தான் 'எவ்வளவு சமர்த்து' என்று மெச்சுகிறோம். வெளியே அமைதியாக இருந்தாலும் அவற்றின் இதயத்துடிப்பு ஏறியிருந்ததைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அதனால் கதவருகே வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கீழே உட்காருங்கள். அடித்தால், "கோவமா? அம்மா லேட்டா வந்துட்டேன்ல" என்று அணைத்துக்கொள்ளுங்கள், பூச்சாண்டி பேச்சு வேண்டாம். முகம் கொடுக்காத பிள்ளையை வாரித் தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அது அடுக்கும் கட்டையைப் பாருங்கள். தானாக மடிக்கு வரும்.

ஹேசன், ஷேவர் என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வு, பெரியவர்களின் காதலிலும் இதே மூன்று சாயல்களைக் கண்டது. நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் பதறுகிறவர் ஒருவர். சண்டை என்றதும் வாயை மூடிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறவர் இன்னொருவர். ஆனால் இது தலையெழுத்து இல்லை. நல்ல துணை, நல்ல சிநேகிதம் அமைந்தால் மாறும்.

பிள்ளை அம்மாவிடம் மட்டும்தான் ஒட்டும் என்பதும் இல்லை. பாட்டியிடம் ஒட்டும், ஆயாவிடமும் ஒட்டும். மாதாமாதம் ஆள் மாறினால்தான் பாவம், ஒட்டவே இடமிருக்காது. ஆகவே காப்பகம் பார்க்கப் போகும்போது சுவரில் வரைந்த கார்ட்டூனைப் பார்த்து மயங்காமல், அங்கிருக்கும் ஆயா எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள்.