போர்க் காணொளியைப் பகிர்வதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாள்களில், ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த என்னிடம், காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். இருண்ட வானில் சிவப்புக் கோடுகள் பாய, ஒரு விமானம் தீப்பற்றி விழுந்தது. இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தபோதுதான், அத்தனை வெடிச் சத்தத்திலும் படம்பிடிப்பவரின் கை சற்றும் அசையவில்லை, மனிதக் குரல் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்பது உறுத்தியது. ஒரு காட்சியை நிறுத்தி, கைப்பேசித் திரையைப் படமெடுத்து, படத்தை வைத்துத் தேட உதவும் கூகுள் லென்ஸில் தேடியதும், அது 'ஆர்மா 3' என்னும் கணினி விளையாட்டின் காட்சி என்று தெரிந்தது. உக்ரைன் போர்க் காட்சிகள் என்று தங்கள் விளையாட்டின் காணொளிகள் பரவுவதாக அதைத் தயாரித்த நிறுவனமே 2022 நவம்பரில் எச்சரித்திருந்தது.

கண்ணால் பார்த்ததெல்லாம் சான்று என்று நம்புவதுதான் முதல் தவறு. 2022 மார்ச்சில், உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி தம் வீரர்களை ஆயுதங்களைக் கீழே போடச் சொல்வதுபோல் ஒரு போலிக் காணொளி பரப்பப்பட்டது. எதிரியின் மனவுறுதியைக் குலைப்பதற்கான ஆயுதம் அது. அறியாமல் பகிர்ந்தவர்கள் அந்த ஆயுதத்தைச் சுமந்து சென்றவர்கள் ஆனார்கள்.

கிளர்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது வேறொரு தவறு நேர்கிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை 'வாட்ஸ்அப் செய்த போராட்டம்' என்று சேலத்தில் இன்றும் பலர் சொல்லக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. எகிப்தில் 2011 ஜனவரி 27 நள்ளிரவையொட்டி அரசு இணையத்தைத் துண்டித்தது. ஆனாலும் மறுநாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பெருங்கூட்டம் தெருவில் இறங்கியது, பிப்ரவரி 11 அன்று அதிபர் முபாரக் பதவி விலகினார். வலையமைப்பு ஆள்களை விரைவாக அழைக்கிறது. அழைக்கப்பட்டவர்களைக் களத்தில் நிற்கவைப்பது சோறும் தண்ணீரும் பக்கத்தில் நிற்பவர் மீதுள்ள நம்பிக்கையும்தான். அதே வலையமைப்பு அவர்களைக் காட்டியும் கொடுக்கும். 2014 ஜனவரியில் உக்ரைன் தலைநகர் கீவில், அரசை எதிர்த்துப் போராடியவர்களுடன் மோதல் நடந்த இடத்தருகே இருந்தவர்களின் கைப்பேசிகளுக்கு, 'பெருங்கலவரத்தில் பங்கேற்றவராகப் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள்' என்று குறுஞ்செய்தி வந்தது. யார் எங்கே நிற்கிறார் என்பதைக் கைப்பேசிக் கோபுரம் அறியும்.

இருப்பிடத்தைச் சாதாரணச் செய்தியாக எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன். உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்கள் சிரியா, ஆப்கானிஸ்தான் பாலைவனங்களின் ராணுவ முகாம்களை ஒளிக்கோடுகளாகக் காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் தெரியவந்தது. 2008 மும்பைத் தாக்குதலின்போது தொலைக்காட்சி நேரலையைப் பார்த்தே தீவிரவாதிகளுக்குக் கட்டளைகள் சென்றன. அதனால்தான் 2025 மே 9 அன்று, படை நகர்வுகளை நேரலையில் காட்ட வேண்டாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் கேட்டுக்கொண்டது.

அதே வாரத்தில் சேலம் சந்திப்பில், ராணுவ வண்டிகளை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்றை இரண்டு இளைஞர்கள் பெருமையோடு படம்பிடித்து, நேரத்தையும் நடைமேடை எண்ணையும் சேர்த்துப் பதிவிட்டார்கள். என் சித்தி மகனும் எல்லையில்தான் இருந்தான். "தம்பி, அந்த ரயில்ல போறவங்களுக்கும் வீட்ல அம்மா இருப்பாங்க" என்றதும் இருவரும் மறுபேச்சின்றி நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் அது ஓமலூர், மேட்டூர்க் குழுக்களுக்குப் போய்விட்டிருந்தது. மாலையில் என் சித்தியின் கைப்பேசிக்கே வந்தது.