கொஹேர்: பஸ் பிடிக்கப் போய் வம்பில் மாட்டாமல் இருக்க

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த மூன்றாவது மாதம். என்னிடம் இருந்தது ஸ்பெயினில் அச்சான பாடப்புத்தகம். இணையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த ஆசிரியையோ மெக்சிகோக்காரர். "காலையில் வேலைக்கு எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டார். புத்தகத்தில் இருந்தபடியே "கோஹோ எல் அவுத்தோபூஸ்" என்றேன். 'பஸ் பிடிப்பேன்' என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் வாயைப் பொத்திக்கொண்டு திரையை விட்டே நகர்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "பஸ்ஸையா?" என்று மட்டும் கேட்டார்.

மாட்ரிட்டில் இந்த வாக்கியத்துக்கு ஒரு தலைகூடத் திரும்பாது. மெக்சிகோவில் அதே வினைச்சொல் ('கொஹேர்'; 'கோஹோ' அதன் 'நான்' வடிவம்) உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். நான் பஸ்ஸோடு என்ன செய்வதாகச் சொன்னேன் என்பதை இனி நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இதே பள்ளத்தில் நீங்கள் விழாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

படி 1: முதலில் வாயில் வரட்டும்

சொல் 'கொஹேர்'. அழுத்தம் கடைசி அசையில். நடுவில் வரும் 'ஹ' ஸ்பெயினின் பெரும்பகுதியில் தொண்டையைச் செருமுவதுபோல் கரகரப்பாக இருக்கும். கரீபியன் பக்கம் நம்முடைய சாதாரண 'ஹ' போதும்.

நிகழ்காலம் இப்படி: கோஹோ (நான்), கோஹெஸ் (நீ), கோஹே (அவர்), கொஹேமோஸ் (நாங்கள்), கோஹென் (அவர்கள்). எழுதும்போது ஒரு சின்னச் சிக்கல் உண்டு. எல்லாவற்றிலும் 'ஜி' எழுத்துதான். 'கோஹோ'வில் மட்டும் 'ஜே' போட வேண்டும். 'ஓ' ஒலிக்கு முன்னால் ஜி வந்தால் 'கோகோ' என்று ஆகிவிடும், அதனால்தான். இன்னொன்று, 'கோஹோ' என்றால் 'கால் ஊனமான' என்றும் பொருள். 'யோ கோஹோ' என்று ஸ்பெயினில் தினமும் சொல்கிறார்கள், யாரும் குழம்புவதில்லை.

படி 2: 'பிடி'யைக் கொண்டு பிடியுங்கள்

ராயல் ஸ்பானிஷ் அகாதெமியின் அகராதியைத் திறந்தால் இந்த ஒரு சொல்லுக்குக் கீழே பொருள்கள் வரிசைகட்டி நிற்கும். மனப்பாடம் செய்யாதீர்கள். தமிழில் பிறந்தவருக்கு இங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது. நம் 'பிடி'யும் 'எடு'வும் போகும் இடத்துக்கெல்லாம் ஸ்பெயினின் கொஹேரும் ஏறக்குறையப் போகிறது.

பஸ் பிடிப்பது, டாக்சி பிடிப்பது கொஹேர். சளி பிடிப்பதும் கொஹேர்தான். ஒரே வித்தியாசம், நமக்குச் சளி வந்து பிடிக்கும், அவர்கள் போய்ச் சளியைப் பிடிப்பார்கள். போனை எடுப்பது, மரத்திலிருந்து பழம் பறிப்பது, பஸ்ஸில் இடம் பிடிப்பது, லீவு எடுப்பது எல்லாம் அதே. ஒரு நகைச்சுவை நமக்குப் 'பிடிபடுகிறது' அல்லவா, அதற்கும் இதே சொல். ஒருவர்மேல் பாசம் பிடித்தால் 'கொஹேர் கரீன்யோ'.

மாடு விஷயத்தில் மட்டும் கதை தலைகீழ். ஜல்லிக்கட்டில் ஆள் மாட்டைப் பிடிக்கிறார். ஸ்பெயினின் காளைச்சண்டைக் களத்தில் 'லோ கொஹியோ எல் தோரோ' என்றால் காளைதான் ஆளைப் பிடித்தது, அதாவது கொம்பால் குத்தித் தூக்கிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு 'கொஹியோ இ சே ஃபுவே'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எடுத்தான், போனான்'. எதை எடுத்தான் என்று தேடாதீர்கள், எதையும் எடுக்கவில்லை. திடீரென்று, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். 'எடுத்தான் பாரு ஓட்டம்' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தத் தொனி.

படி 3: வரைபடத்தை மனதில் விரியுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

கொஹேரைத் தாராளமாகச் சொல்லக்கூடிய இடங்கள் ஸ்பெயின், கியூபா, புவேர்த்தோ ரீக்கோ, கொலம்பியா, எக்வடோர். கொலம்பியாவில் வழி கேட்டால் 'வலப்பக்கம் பிடித்துப் போங்கள்' என்பதற்கும் இதுதான் வரும். பொகோத்தாவில் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓடத் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ பஸ்ஸையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். நேரமாகி இருட்டிவிட்டால் 'மே கொஹியோ லா நோச்சே', 'இரவு என்னைப் பிடித்துக்கொண்டது'.

கியூபாவில் 'கொஹேர் லூச்சா' என்றால் ஒரு விஷயத்தைப் போட்டு மனதை அலட்டிக்கொள்வது. 'கொஹேர் போத்தேயா', நேர்ப்பொருளில் 'பாட்டில் பிடிப்பது', உண்மையில் வழியில் போகும் வண்டியை மறித்து லிஃப்ட் கேட்பது. சோவியத் ஒன்றியம் சரிந்த பிறகு, 1990-களில் எண்ணெய் இல்லாமல் கியூபாவில் பஸ்கள் முடங்கியபோது, அரசே இதற்கு ஆள் போட்டது. மஞ்சள் சீருடைக்காரர்கள் சாலையில் நின்று அரசு வண்டிகளை மறித்து, காத்திருப்பவர்களை ஏற்றிவிடுவார்கள். 'அமரீயோஸ்', அதாவது 'மஞ்சளர்கள்' என்றே மக்கள் அவர்களைக் கூப்பிட்டார்கள்.

வாயை மூடிக்கொள்ள வேண்டிய நாடுகள்: மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பொலிவியா. மத்திய அமெரிக்காவிலும் வெனிசுலாவிலும் தவிர்ப்பதே நல்லது. சிலேயில் அபாயம் குறைவு, ஆனாலும் அங்கே பேச்சில் இது பெரிதாகப் புழங்குவதில்லை.

நீங்கள் வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் மெக்சிகோவிலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள். ஆனால் வேலைக்கான நேர்காணலில் அந்தச் சிரிப்பு தேவையா?

படி 4: மாற்றுச் சொல் இரண்டு

'தொமார்' (எடுப்பது, குடிப்பது) உங்கள் குடை. எந்த நாட்டு மழைக்கும் பிடிக்கலாம். தோமோ எல் அவுத்தோபூஸ், தோமோ உன் தாக்சி. ஸ்பெயினிலும் தவறில்லை, சற்றே புத்தக வாடை அடிக்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: லத்தீன் அமெரிக்காவில் எதை என்று சொல்லாமல் 'அவர் தோமா' என்றால் அவர் மது குடிப்பவர். தமிழில் வெறுமனே 'அவர் குடிப்பார்' என்றால் யாரும் மோரை நினைப்பதில்லையே, அதே கதை.

இரண்டாவது 'அகர்ரார்'. 'கார்ரா' என்றால் விலங்கின் கூர்நகம். அதிலிருந்து பிறந்த சொல். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அன்றாடப் பேச்சில் கொஹேரின் நாற்காலியில் இதுதான் உட்கார்ந்திருக்கிறது. மேலே பார்த்த 'எடுத்தான், போனான்' அங்கே 'அகர்ரோ இ சே ஃபுவே' ஆகிறது. வினை மாறினாலும் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, பாருங்கள். ஆனால் ஸ்பெயினில் போய் 'பஸ்ஸை அகர்ரார்' என்று சொன்னால், ஓடுகிற பஸ்ஸின் கம்பியை எட்டி இறுகப் பற்றுவதுபோல் கேட்கும்.

என் யோசனை கேட்டால், ஆரம்பத்தில் தொமாரை மட்டும் வாயில் வைத்துக்கொள்ளுங்கள். கொஹேர் காதுக்கு மட்டும் இருக்கட்டும். யாராவது சொன்னால் புரிய வேண்டும்.

படி 5: முன்னொட்டு வந்தால் பயம் வேண்டாம்

ரெகொஹேர் (பொறுக்குவது, போய் அழைத்து வருவது), எஸ்கொஹேர் (தேர்ந்தெடுப்பது), என்கொஹேர் (துணி சுருங்குவது). இவற்றையும் பயந்துபோய் விழுங்கிவிடாதீர்கள். பள்ளியிலிருந்து பிள்ளைகளை 'ரெகொஹேர்' செய்வதாக மெக்சிகோவில் தாராளமாகச் சொல்லலாம்.

படி 6: ஒரே பஸ், ஐந்து ஊர்

இப்போது பயிற்சி. 'நான் பஸ் பிடிக்கிறேன்' என்பதை ஒவ்வொரு ஊரிலும் சொல்லிப் பாருங்கள். வினையோடு பஸ்ஸின் பெயரும் மாறும்.

மாட்ரிட்: கோஹோ எல் அவுத்தோபூஸ்.
ஹவானா: கோஹோ லா குவாகுவா.
மெக்சிகோ சிட்டி: தோமோ எல் கமியோன். (ஸ்பெயினில் கமியோன் என்றால் லாரி.)
புவனோஸ் ஐரிஸ்: தோமோ எல் கொலெக்தீவோ. (நண்பர்களிடம் 'போந்தி'.)
சந்தியாகோ, சிலே: தோமோ லா மீக்ரோ.

சத்தமாகப் பத்து முறை சொல்லுங்கள். அப்புறம் ஹவானா வரியை மட்டும் எடுத்துக்கொண்டு சிலேக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வினையை கவனமாகத் தொமாராக மாற்றிவிட்டீர்கள். சரி, நல்லது. ஆனால் சிலேயில் 'குவாகுவா' என்பது கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல், அதற்குப் பொருள் கைக்குழந்தை. வேலைக்குப் போக தினமும் காலையில் நான் ஒரு கைக்குழந்தையைப் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நிற்பீர்கள்.